யூன் வேறு, அரக்கு வேறு

ரங்கூனில் தமிழர் வீட்டு அலமாரி ஒன்றில் பாட்டி காலத்து வெற்றிலைப் பெட்டி இருக்கும். அதன் விளிம்பு பெயர்ந்துவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது ஒரே யோசனைதான்: அது அரக்குச் சாமான், ஆகவே அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துவிடலாம். நகை வேலை செய்பவரிடம் கொடுத்து அடைத்தும் வாங்குவார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அடைத்த இடம் மட்டும் மங்கியிருக்கும். கோடையில் பிசுக்குப் பிடிக்கும், லேசாகத் தட்டுப்பட்டாலும் சில்லாகத் தெறிக்கும். இது அடைத்தவரின் கைக்குற்றம் அல்ல. அந்தப் பெட்டியில் பூசியிருப்பது வேறு பொருள், அடைக்க எடுத்தது வேறு பொருள். இரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

பர்மிய மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. பூச்சியிலிருந்து வரும் அரக்குக்கு அங்கே 'செயிட்' என்று பெயர். கடைசி எழுத்தைத் தொண்டையிலேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் முத்திரை வைப்பதும் அதே செயிட்தான். மரத்தைக் கீறி வடிக்கும் பாலுக்குத் 'தித்சி' என்று பெயர்: 'தித்' என்றால் மரம், 'சி' என்றால் பிசின். அந்தப் பாலைப் பூசிச் செய்யும் கலைக்கும் பொருளுக்கும் 'யூன்' என்பது மூன்றாவது பெயர். மூன்று சொற்கள் நிற்கும் இடத்தில் தமிழ் 'அரக்கு' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த 'லாக்கர்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டாலும் தெளிவு வருவதில்லை. தமிழில் எழுதினால் அது வங்கிப் பெட்டக லாக்கரோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகிறது.

தமிழில் அரக்கு முதலில் எதைக் குறித்தது என்பதில் ஐயம் வேண்டாம்: பூச்சி அரக்கைத்தான். புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் நுண்ணிய பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி, தம்மைச் சுற்றிப் பிசினைக் கசிந்து மூடிக்கொள்கின்றன. கிளையோடு வெட்டி எடுத்தால் அது கொம்பரக்கு. நொறுக்கி, தண்ணீரில் கழுவினால் சிவப்புச் சாயம் நீரில் இறங்கிவிடும், பிசின் மணிமணியாக எஞ்சும். அதை உருக்கி மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. ஒரே பூச்சி சாயமும் தருகிறது, பிசினும் தருகிறது. இந்த இரட்டைத் தன்மையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் சொல்லின் மற்றப் பொருள்கள் விளங்கும்.

அகநானூற்றின் 14ஆம் பாட்டு, மழை பெய்த முல்லை நிலத்துச் செம்மண் பாதையை 'அரக்கத்து அன்ன' என்கிறது. அரக்கைப் போலச் சிவந்த வழி. கலித்தொகையின் 25ஆம் பாட்டு, ஐவர் உள்ளே இருக்க 'அரக்கு இல்'லைத் தீ சூழ்ந்ததைச் சொல்கிறது. பாரதத்தில் வரும் அரக்கு மாளிகைதான் அது. ஒரு பாட்டில் அரக்கு நிறம், மற்றதில் எளிதில் தீப்பற்றும் பிசின். மர அரக்கு இந்த இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. தித்சி இயல்பில் கருப்பு. நிறமித் தூள் சேர்க்காமல் சிவக்காது. உலர்ந்த பின் அது உருகி ஒழுகுவதும் இல்லை, கடும் சூட்டில் கருகும். ஆகவே பழந்தமிழர் அறிந்த அரக்கு பூச்சி அரக்கே.

வடமொழியில் இதன் பெயர் லாக்ஷா. அதர்வ வேதத்தில் புண்ணையும் முறிவையும் ஆற்றும் மருந்தாக அதைப் பாடும் பாட்டே உண்டு. 'ராக்ஷா' என்ற வடிவமும் அங்கே வழங்கியது. தமிழில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னே ஓர் அகரம் ஏறி, 'க்ஷ' இரட்டைக் ககரமாகி 'அரக்கு' பிறந்தது என்பது சொல்லாய்வாளர் காட்டும் வழி. ராக்ஷசன் அரக்கன் ஆன அதே பாதை. அரக்கனுக்கும் அரக்குக்கும் பொருளில் உறவு எதுவும் இல்லை, உருமாறிய முறையில்தான் ஒற்றுமை. லட்சக்கணக்கான பூச்சிகள் சேர்ந்து உண்டாக்குவதால் 'லாக்ஷா' என்று பெயர் வந்தது என ஒரு விளக்கம் புழங்குகிறது. பூச்சிகளின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது பிடித்துப்போகும். ஆனால் செந்நிறத்தோடு சொல்லை இணைப்பவர்களின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. செம்பஞ்சுக் குழம்புக்குரிய 'அலத்தகம்' என்ற பழைய சொல்லும் அந்தச் சிவப்பையே சுற்றி நிற்கிறது.

'அரக்குதல்' என்ற வினை வேறு: தேய்த்தல், அழுத்தித் துவைத்தல் என்று பொருள். இலங்கையில் சிங்களவர் சாராயத்தை 'அரக்கு' என்பது இன்னும் வேறு. வியர்வையையும் வடிநீரையும் குறிக்கும் அரபுச் சொல்லான 'அரக்'கிலிருந்து வந்தது அது. ஒலி ஒன்றாக இருப்பதைக் கண்டு இவற்றை ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது.

இன்றைய வழக்கில் அரக்கு பல வேலை செய்கிறது. புடவைக் கடையில் 'அரக்கு கலர்' என்றால் கருஞ்சிவப்பு. அஞ்சலகத்திலும் நீதிமன்றத்திலும் அரக்கு என்றால் முத்திரை. நகைத் தொழிலில் உள்ளீடற்ற குண்டுக்கும் கல் வைத்த தோட்டுக்கும் உள்ளே அடைப்பது அரக்கு. பழைய நகையைக் கொடுத்து மாற்றும்போது, தீயில் காட்டியதும் எடை குறைவதைக் கண்டு சிலர் திடுக்கிடுவார்கள். உருகி வெளியேறுவது அந்த அடைப்புதான். ஆகவே வாங்கும்போதே மொத்த எடை எவ்வளவு, அரக்குக் கழித்துப் பொன் எடை எவ்வளவு என்று இரண்டையும் சீட்டில் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். மரச் செப்புச் சாமானில் கடைசலில் சுழலும் மரத்தின்மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும், தாழை மடல் வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். இவை எல்லாவற்றிலும் ஒரே குணம் வேலை செய்கிறது: சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடு பட்டால் மீண்டும் இளகும்.

சொல் மேற்கே போன கதையில்தான் பொருள் மாறியது. லாக்ஷாவிலிருந்து பாரசீகத்தில் 'லாக்', அரபியில் 'லக்', இடைக்கால லத்தீனில் 'லக்கா', போர்ச்சுகீசில் முத்திரை அரக்கைக் குறிக்கும் 'லாக்ரே' என்று ஊர் ஊராக அது நடந்தது. ஓவியர்கள் கரையும் சாயத்தைப் பிடித்துவைத்துச் செய்யும் வண்ணத்துக்கு ஐரோப்பாவில் வழங்கும் 'லேக்' என்ற பெயரும் இதன் கிளைதான். அதுவரை எல்லாமே பூச்சி அரக்கு. பிறகு சீன, ஜப்பானிய அரக்குப் பாண்டங்கள் ஐரோப்பிய வணிகர் கைக்குக் கிடைத்தபோது, தமக்குத் தெரிந்த பளபளப்பான பிசின் இதுதான் என்று எண்ணி அந்தப் பெயரையே அவற்றுக்கும் சூட்டினார்கள். பூச்சியின் பெயர் மரத்தின்மேல் ஏறியது அங்கேதான். பின்னாளில் அந்தப் பெயரைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'அரக்கு' என்றே பெயர்த்தார்கள். நம் நிலப்பரப்பிலிருந்து பூச்சியோடு புறப்பட்ட சொல், உலகைச் சுற்றி மரத்தோடு வீடு திரும்பியது.

ஐரோப்பாவில் பெயர்கள் இன்னும் குழம்பின. சீனத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய பெரிய அரக்குத் திரைகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறின. வாங்கியவர்கள் அவற்றைக் 'கோரமண்டல்' திரை என்றார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ்க் கரையில் அவற்றைச் செய்தவர் எவரும் இல்லை. கரை வெறும் இறங்குதுறை. 1920களில் கார்களுக்குப் பூச வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் 'லாக்கர்' ஆனது. அதில் பூச்சியும் இல்லை, மரப்பாலும் இல்லை.

பர்மாவிலும் பெயர் நேரான பாதையில் வரவில்லை. 'யூன்' என்பது வடதாய்லாந்தின் சியாங்மாய் வட்டார மக்களுக்குப் பர்மியர் வைத்த பெயர். பயின்னாங் மன்னர் 1558இல் சியாங்மாயைப் பிடித்த பிறகு அங்கிருந்து வந்த கைவினைஞர்களோடு கீறல் வேலைப்பாடு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சியாங்மாயில் போய் அதே பாண்டத்துக்குப் பெயர் கேட்டால் 'கோன்' சாமான் என்பார்கள். அது இன்றைய பர்மாவின் ஷான் மாநிலத்துக் கெங்துங்கில் வாழும் கோன் மக்களின் பெயர். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்டுகிறார். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து கொண்டுபோன இந்தச் சாமான்களை 'மரவை' என்பார்கள். மரத்தாலான பாண்டம் என்ற பழைய பொருளில் வரும் அந்தச் சொல், 'அரக்குச் சாமான்' என்பதைவிட எவ்வளவோ நேர்மையானது. உள்ளே பெரும்பாலும் மூங்கில் என்ற ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்.

மரப்பாலும் அதன் காய்ச்சலும்

தித்சி தரும் மரம் ஷான் மலைப்பக்கக் காடுகளில் தானாக வளர்வது. பட்டையைக் கீறி மூங்கில் குழாய் செருகினால் சாம்பல் கலந்த மங்கல் நிறத்தில் பால் வடியும். காற்றுப் பட்டதும் கருக்கும். இந்தப் பாலில் தித்சியால் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளும், அதை ஆக்சிஜனோடு பிணைக்கும் நொதி ஒன்றும் உள்ளன. ஜப்பானிய அரக்கில் இந்த நொதி வேலை செய்வதை 1883இல் யோஷிடா என்ற வேதியியலாளர் காட்டினார். பிறகு அதற்கு 'லக்கேஸ்' என்று பெயர் வைத்தார்கள். அங்கேயும் நம் பூச்சியின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

புதிதாக வருபவர் தவறுவது இங்கேதான். பல பெயிண்டுகள் காய்வது, அவற்றிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால். தித்சி அப்படிக் காய்வதில்லை. நொதி வேலை செய்து மூலக்கூறுகள் பின்னிக்கொள்வதால் இறுகுகிறது. நொதிக்கு ஈரமும் மிதமான சூடும் வேண்டும். சுமார் 20 முதல் 30 டிகிரி வெப்பமும், 70 விழுக்காட்டுக்கு மேல் காற்று ஈரமும் இருந்தால் நன்றாக இறுகும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும், மேல்தோல் சுருங்கும். யூன் பட்டறைகளுக்குப் பேர்போன பகான் நகர் இருப்பது பர்மாவின் வறண்ட பகுதியில். ஆகவே அங்கே பட்டறைகளில் தரைக்குக் கீழே செங்கல் அறை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பாண்டம் அந்த இருட்டறைக்குள் போகும். சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். வறண்ட மாதங்களில் உள்ளே தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அங்கே ஒளியைவிடத் தூசிதான் பெரிய எதிரி.

வேலை மூங்கில் கீற்றில் தொடங்குகிறது. நன்கு பதப்பட்ட மூங்கிலை மெல்லிய நாடாவாகச் சீவிச் சுருள் சுருளாகச் சுற்றி வடிவம் எடுக்கிறார்கள். உயர்ந்த ரகக் கிண்ணங்களுக்கு மூங்கில் இழைகளின் ஊடே குதிரை மயிரைப் பின்னுவார்கள். அப்படிப்பட்ட கிண்ணத்தின் எதிரெதிர் விளிம்புகளை விரலால் அழுத்தி ஒன்றோடொன்று தொட வைக்கலாம், விட்டதும் பழையபடி விரியும். பதப்படாத மூங்கிலில் செய்தால் ஓராண்டுக்குள் உளுப்பு விழும், வாய் கோணும், மூடி பொருந்தாது.

முதல் பூச்சு வெறும் தித்சி. மூங்கிலின் துளைகளை அது மூடும். அடுத்தது 'தயோ': தித்சியோடு சாம்பலோ மரத்தூளோ எலும்புக் கரியோ சேர்த்துப் பிசைந்த களி. மூங்கில் பின்னலின் வரிகள் மறையும்வரை உள்ளும் புறமும் அதை அப்பி, இறுகியதும் கடைசலில் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். வரவர நைசான தயோ, பிறகு மீண்டும் தூய தித்சி. ஒவ்வொரு பூச்சும் கையால் தடவி இழுத்த மெல்லிய படலமாக இருக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கொள்ளும். அடியில் உள்ளதற்குக் காற்றுப் போகாமல் பச்சையாகவே நிற்கும். நாளடைவில் அந்த இடம் சுருங்கி வெடிக்கும். நல்ல பாண்டத்துக்கு ஏழெட்டுப் பூச்சாவது வேண்டும். உயர்ந்ததற்குப் பதினான்கு வரையும் அதற்கு மேலும் போகும். பூசுவதும் காத்திருப்பதுமாக ஆறு மாதம் பிடிப்பது இதனால்தான்.

பிறகு கீறல். கூரிய இரும்பு ஊசியால், அடிக்கோடு எதுவும் வரையாமல், நினைவிலிருந்தே கோடுகளைக் கீறுவார்கள். முதல் வண்ணத்துக்குரிய கோடுகளை மட்டும் கீறி, நிறமித் தூளைத் தேய்த்து நிரப்பி, இருட்டறையில் இறுக விட்டு, மேலே படிந்ததை நெல் உமிச் சாம்பலும் தண்ணீரும் கொண்டு துடைக்கிறார்கள். அடுத்த வண்ணம் இதில் கலக்காதிருக்கப் பசை பூசி மூடிவிட்டு, அடுத்த கீறல். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் என்ற தாது, பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம். ஒரு பெட்டியில் மூன்று வண்ணம் இருந்தால் அந்தப் பெட்டி மூன்று முறை கீறப்பட்டிருக்கிறது என்று பொருள். விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தங்க வேலையான 'ஷ்வே ஸவா' இதற்கு நேர்மாறானது. பளபளத்த கருப்புத் தளத்தில், எந்த இடம் கருப்பாகவே நிற்க வேண்டுமோ அங்கே அரிதாரமும் பசையும் கலந்த கரைசலால் எழுதுவார்கள். மேலே மெல்லிய தித்சி தடவி, அது கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் தங்கத் தாளை ஒட்டுவார்கள். முந்தினால் தாள் பாலில் அமிழ்ந்து பொலிவிழக்கும், பிந்தினால் பிடிக்காது. இறுகிய பின் தண்ணீரில் கழுவினால் அரிதாரம் எழுதிய இடம் தங்கத்தோடு கரைந்து வர, கருப்புக் கோடுகள் வெளிப்படும்.

1924இல் அரசு பகானில் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கியது. மொன்யுவாவுக்கு அருகில் உள்ள ஜௌக்கா என்ற ஊரில் அலங்காரம் குறைந்த, கனமான கருப்புச் சாமான் செய்கிறார்கள். வீட்டுப் புழக்கத்துக்கு அதுதான் உழைக்கும். தித்சி எவ்வளவு நீர் தாங்கும் என்பதற்குச் சலே ஊரின் மான் பயாவைச் சொல்லலாம். உள்ளீடற்ற அந்தப் பெரிய அரக்குப் புத்தர் சிலை 1888 வெள்ளத்தில் ஆற்றோடு மிதந்து வந்து அங்கே கரை ஒதுங்கியது என்பது ஊர் வழக்கு. பூச்சி அரக்கில் அப்படி ஒரு சிலையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

கையில் இருப்பது எது?

ரங்கூன் போஜோக் சந்தையில் வரிசையாக அடுக்கியிருக்கும் பெட்டிகளில் எல்லாமே தித்சி அல்ல. சாதாரண எண்ணெய்ப் பெயிண்டில் முடித்தவையும் கலந்திருக்கும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாடை அடித்தால் பேச்சே இல்லை. கீறிய கோட்டின் மேல் விரலை ஓட்டினால், நல்ல வேலையில் வண்ணம் தளத்தோடு சமமாக நிற்கும். தூரிகையால் எழுதியது விரலுக்குத் திட்டாகத் தட்டுப்படும். விளிம்பைத் தட்டினால் வரும் ஒலியைவிட எடையே நம்பகமான அடையாளம்: மூங்கில் யூன் பார்வைக்குத் தோன்றுவதைவிட லேசாக இருக்கும்.

வீட்டில் உள்ளது பூச்சி அரக்கா, மர அரக்கா என்ற ஐயம் வந்தால் ஸ்பிரிட் போதும். அடிப்பக்கத்தில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பஞ்சு முனையில் ஒரு சொட்டு வைத்து அரை நிமிடம் பொறுங்கள். பூச்சி அரக்கு பிசுபிசுத்துப் பஞ்சில் ஏறும். இறுகிய தித்சி அசையாது. கார்ப் பூச்சு வகையானால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் கரையும். வேலைப்பாடு உள்ள பக்கத்தில் இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது. பழைய மர நாற்காலியில் சூடான தேநீர்க் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால், அது பூச்சி அரக்குப் பாலீஷாக இருக்கலாம், உறுதிக்கு ஸ்பிரிட் சோதனை வேண்டும்.

பராமரிப்பும் பொருளுக்குத் தக்கபடிதான். யூன் சாமானை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர் துணியால் ஒற்றினால் போதும். தண்ணீரில் ஊறப்போடுவதும் நார் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். கீறலுக்குள் உள்ள நிறமி தேயும். நேர் வெயிலும் குளிர்சாதனக் காற்றும் அதற்கு ஆகாது. உள்ளே உள்ள மூங்கில் சுருங்க, மேலே உள்ள கடினமான தோல் வெடிக்கும். சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பும் பெட்டிகள் வெடிப்பதற்கு இந்த வறட்சியும் காரணமாகலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு, அரிதாரத்தில் பாடாணம் உண்டு. உள்பக்கம் சிவப்போ மஞ்சளோ பூசிய பழைய கிண்ணத்தில் ஊறுகாய், புளி, எலுமிச்சை வைக்காதீர்கள். வெற்றிலை பாக்கு, உலர்ந்த பண்டம், விபூதி, குங்குமம் போதும்.

வீட்டிலேயே தித்சி வாங்கிப் பூசிப் பார்க்கலாம் என்று சிலர் இறங்குவதும் உண்டு. இறுகாத பால் தோலில் பட்டால் பலருக்கு ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பட்டுவிட்டால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பில் கழுவ வேண்டும்.

அந்த வெற்றிலைப் பெட்டியின் பெயர்ந்த விளிம்புக்கு முறையான வைத்தியம் பகான் பட்டறையில் தயோ வைத்து, இருட்டறையில் இறுக்கி, மேலே தித்சி இழுப்பது. சிறிய பொத்தலுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தேன்மெழுகில் சிறிது விளக்குக் கரி கலந்து, கைச்சூட்டில் பிசைந்து பள்ளத்தில் நிரப்பி, துணியால் வழித்துவிடலாம். வலுவுக்கு ஆகாது, பார்வைக்கு மறைக்கும். பிறகு பட்டறைக்குப் போகும் நாளில் நகத்தாலேயே நெம்பி எடுத்துவிடலாம், அடியில் உள்ள தித்சிக்கு ஒன்றும் ஆகாது. உருக்கிய அரக்கை ஊற்றி அடைத்திருந்தால் மட்டும், அதை ஸ்பிரிட்டால் முழுக்கக் கரைத்து எடுத்த பிறகே தயோ அந்த இடத்தில் பிடிக்கும்.